பல்கலைக் கழக வாசலும் நம் பிள்ளைகளும்

(மாதாப்பூர் கிளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ரயில்வே குமாஸ்தா. பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டவன். பல்கலைக் கழகத்தைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் உள்ளே போக முடியாமல் வெளியே நின்றவனுக்குத்தான் வாசல் எவ்வளவு உயரம் என்று தெரியும். அதனால் பேசுகிறேன்.

1998-ஆம் ஆண்டில் இந்த மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் கட்டடம் திறக்கப்பட்டது. அதன் பிறகு எழுந்த மாடிகளுக்குச் சாரம் கட்டியவர்கள், கலவை சுமந்தவர்கள், இன்று அந்த மாடிகளைக் கூட்டித் துடைப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். அதே 1998-இல் பக்கத்து கச்சிபௌலிக்குரிய இன்னொன்றும் பிறந்தது. நாடாளுமன்றச் சட்டத்தின்படி அமைந்த மௌலானா ஆசாத் தேசிய உருது பல்கலைக் கழகம் அது. பஸ்ஸில் போகும்போது அதன் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று நாம் பார்த்ததில்லை.

அந்தப் பல்கலைக் கழகம் மாணவர்கள் வரட்டும் என்று காத்துக்கொண்டு உட்காரவில்லை. முதலில் தபால் வழிக் கல்வியைத் தொடங்கிற்று. வேலைக்குப் போகிறவர்களும் வீட்டை விட்டு வெளியே வர முடியாத பெண்களும் படிக்க அதுவே வழி. நேர்முக வகுப்புகள் பின்னால் வந்தன. மதரஸாவில் மட்டும் படித்த பையனுக்குக் கணக்கும் ஆங்கிலமும் தெரியாது என்று திருப்பி அனுப்பவில்லை. பட்டப்படிப்புக்கு அவனைத் தயார் செய்ய இணைப்பு வகுப்பு வைத்தது. பாலிடெக்னிக்குகளும் மாதிரிப் பள்ளிகளும் நடத்துகிறது. சட்டத்திலேயே பெண் கல்விக்குத் தனிக் கவனம் என்று எழுதப்பட்டிருக்கிறது.

இதிலே நமக்குப் பாடம் இருக்கிறது. பிள்ளை எங்கே நிற்கிறதோ அங்கிருந்து படி கட்டவேண்டும். 1918-இல் நிஜாம் அரசு உஸ்மானியா பல்கலைக் கழகத்தை நிறுவியபோது உருதுவே பயிற்று மொழி. இந்திய மொழியொன்றில் உயர்கல்வி தந்த பெருமை அதற்கு உண்டு. ஆனால் அன்றைய சமஸ்தானத்தில் மற்ற மொழிகளைவிட அதிகம் பேர் பேசியது தெலுங்கு. ஒருவருக்கு வாசலாக இருந்த மொழி மற்றவருக்குச் சுவராக இருந்தது. எந்தப் பல்கலைக் கழகத்தைப் பார்த்தாலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இந்த வாசல் யாருக்காகக் கட்டப்பட்டது?

சேர்த்துக்கொண்டால் மட்டும் போதுமா? போதாது. 2016 ஜனவரி 17-ஆம் தேதி, இதே கச்சிபௌலியில் ஐதராபாத் மத்தியப் பல்கலைக் கழகத்தின் ஆராய்ச்சி மாணவர் ரோஹித் வேமுலா தற்கொலை செய்துகொண்டார். அதற்கு முன் அவரும் இன்னும் நான்கு மாணவர்களும் விடுதியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள். ஏழு மாத உதவித்தொகை தமக்கு வரவேண்டியிருக்கிறது என்று அவர் கடிதத்தில் எழுதியிருந்தார். அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. ஏழு மாதம் சம்பளம் வராவிட்டால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று மட்டும் நினைத்துப் பாருங்கள்.

சிறுபான்மையினரின் ஆராய்ச்சிப் படிப்புக்காக 2009-இல் வந்த மௌலானா ஆசாத் உதவித்தொகையை மத்திய அரசு 2022-23 முதல் நிறுத்திவிட்டது. அதே ஆண்டு முதல், சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை கிடைத்த உதவித்தொகையும் நின்றது. மாடிக்குப் போகும் ஏணியில் மேல்படியையும் கீழ்ப்படியையும் ஒரே நேரத்தில் கழற்றினார்கள்.

இனி நம் கதைக்கு வருகிறேன். நாம் இங்கே மொழிச் சிறுபான்மையினர். மதச் சிறுபான்மையினரைப் போலவே மொழிச் சிறுபான்மையினரும் கல்வி நிலையம் நிறுவி நடத்தலாம் என்கிறது அரசியல் சட்டத்தின் 30-ஆவது பிரிவு. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வசதி செய்யவேண்டும் என்கிறது 350-ஏ பிரிவு. ஏட்டில் இருக்கிறது, கேட்பதற்குத்தான் நாம் இல்லை.

இன்னொரு சங்கதி. ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், அங்குள்ள மாநிலச் சலுகையைக் கோர முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிழைக்க வந்தவனுக்குச் சாதியின் இழிவு கூடவே வருகிறது, சலுகை மட்டும் எல்லையில் இறங்கிக்கொள்கிறது! ஆனால் மத்தியப் பல்கலைக் கழகங்களில் இப்படி இல்லை. சொந்த மாநிலத்தில் வாங்கிய சான்றிதழ் அங்கே செல்லும். தாழ்த்தப்பட்டோருக்கு 15 விழுக்காடு, பழங்குடியினருக்கு ஏழரை, பிற பிற்பட்டோருக்கு 27. பிற்பட்டோர் மட்டும் தமிழ்நாட்டுச் சான்றிதழை நீட்டினால் போதாது. மத்திய அரசின் படிவத்தில் தனியாக வாங்கவேண்டும். மத்தியப் பல்கலைக் கழகப் பட்டப்படிப்புகளுக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு நடக்கிறது. தமிழிலும் அதை எழுதலாம்.

இதையெல்லாம் நான் பிறந்ததிலிருந்து அறிந்தவனல்ல. பட்டுத் தெரிந்துகொண்டேன். நம் குடியிருப்பில் ஒரு கொத்தனாரின் மகள் பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்தாள். விண்ணப்பம் போட மூன்று நாள் இருக்கும்போது தகப்பன் என்னிடம் வந்தார். அவர்கள் பிற்பட்ட வகுப்பு. இருக்கிற சான்றிதழே போதும் என்று நான் சொன்னேன். போதவில்லை. அவர் ஊருக்கு ஓடி, தாலுகா ஆபீசில் காத்துக் கிடந்து, நாலு நாள் கூலியை இழந்து திரும்பியபோது தேதி முடிந்துவிட்டது. இன்று அந்தப் பெண் ஒரு கம்பெனி மாடியில் துடைப்பம் பிடிக்கிறாள். சங்கத்தின் பொறுப்பில் இருந்துகொண்டு விவரம் தெரியாமல் பேசியது என் தப்பு. இதை உங்கள் முன்னால் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை.

டிக்கெட் கவுண்டரில் நான் தினமும் பார்க்கிறேன். படிவம் நிரப்பத் தெரியாதவர் வரிசையை விட்டு விலகி நிற்பார். ஒருவர் பேனா எடுத்து எழுதிக் கொடுத்தால் அவரும் ஊர் போய்ச் சேருவார். அந்தப் பேனாவைச் சங்கம் எடுக்கவேண்டும்.

ஆகவே மூன்று காரியங்களை முன்வைக்கிறேன். முதலாவது, பத்தாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிக்கும் நம் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை இந்த மாதமே எடுக்கவேண்டும். இரண்டாவது, ஞாயிறுதோறும் காலையில் சங்க அறையில் ஒரு மேஜை. சான்றிதழ், விண்ணப்பம், உதவித்தொகை எல்லாவற்றுக்கும் அங்கே ஆள் இருக்கும். மூன்றாவது, தேர்வுக் கட்டணத்துக்கு ஒரு நிதி. நான் மாதம் ஐந்நூறு ரூபாய் தருகிறேன். நீங்கள் முடிந்ததைத் தாருங்கள்.

தாய்மார்களே, இன்றிரவு வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து பிள்ளைகளின் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். என்ன இல்லையோ அதை எழுதிக்கொண்டு வரும் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அந்த மேஜையில் முதல் நாள் நானே உட்காருகிறேன். அந்தக் கொத்தனார் மகளையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவள் அடுத்த ஆண்டுக்கு விண்ணப்பம் போடப் போகிறாள்.