ஹைடல்பர்க் கோட்டை

ஜெர்மனியில் நெக்கார் நதியின் கரையிலுள்ள குன்றின் சரிவில், செந்நிறக் கல்லாலான ஹைடல்பர்க் கோட்டை நிற்கிறது. எஞ்சியிருக்கிறது என்பதே பொருத்தம். பதினான்காம் லூயி மன்னரின் பிரெஞ்சுப் படைகள் 1689-லும் 1693-லும் தீயிட்டும் வெடிவைத்தும் அதைத் தகர்த்தன. புதுப்பிக்க முயன்ற வேளையில், 1764-ல் மின்னல் தாக்கி எரிந்தது. பகைவரும் தீயும் விட்டுவைத்த கற்களையோ, ஊராரே வீடு கட்டப் பெயர்த்துச் சென்றனர்!

அதைத் தடுக்க முனைந்தவர் யார்? 1810-ல் அங்கு வந்து சேர்ந்த ஷார்ல் தெ கிரைம்பெர்க் என்னும் பிரபு. அவரும் பிரெஞ்சுக்காரரே என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. ஊதியமின்றிக் காவல் புரிந்தார். இடிபாடுகளைச் சித்திரங்களாக்கிப் பரப்பினார். 1864-ல் இறக்கும்வரை ஹைடல்பர்க்கை விட்டு அகலவில்லை.

அங்கே செல்வோர் வெடிமருந்துக் கோபுரத்தை அவசியம் காணவேண்டும். 1693-ல் பிளந்து சரிந்த அதன் பெருந்துண்டு, அகழியில் இன்றும் அப்படியே சாய்ந்து கிடக்கிறது.