மைக்கும் கேமராவும்: டோரிஸ் டேயின் கலைவாழ்க்கை

டோரிஸ் மேரி ஆன் கப்பல்ஹாஃப் என்ற இயற்பெயர் கொண்ட டோரிஸ் டே, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டி நகரில் 1922 ஏப்ரல் 3 அன்று பிறந்தார். 1924 என்றே நெடுங்காலம் நூல்கள் அச்சிட்டுவந்தன. 2017இல் ஒரு செய்தி நிறுவனம் பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுத்தபோதுதான் உண்மை வெளிவந்தது. தந்தை வில்லியம் இசையாசிரியர். தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவர். மௌனப்பட நடிகை டோரிஸ் கென்யன்மீது தாய் ஆல்மாவுக்கு இருந்த பிரியம் மகளின் பெயராயிற்று. தந்தைக்கு வேறொரு பெண்ணுடன் ஏற்பட்ட தொடர்பால் பெற்றோர் பிரிந்தனர். டோரிஸ் தாயிடம் வளர்ந்தார்.

சிறுமி டோரிஸின் கனவு பாட்டில் இல்லை, நடனத்தில்தான் இருந்தது. ஜெர்ரி டோஹர்ட்டி என்ற சிறுவனுடன் ஜோடி சேர்ந்து ஆடிப் பரிசு வாங்கினார். ஹாலிவுட்டுக்குக் குடிபெயரும் ஏற்பாடும் நடந்துகொண்டிருந்தது. 1937 அக்டோபரில் அவர் நண்பர்களுடன் சென்ற கார்மீது ரயில் மோதியது. வலது கால் முறிந்தது. நடனம் அத்தோடு நின்றது. மாதக்கணக்கில் வீட்டில் கிடந்த அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணுக்குத் துணையாக இருந்தது வானொலி. பென்னி குட்மன், டியூக் எல்லிங்டன், டாமி டோர்சி, கிளென் மில்லர் ஆகியோரின் இசைக்குழுக்கள் ஒலிக்க, கூடவே பாடிப் பழகினார். மற்றக் குரல்களைவிடப் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டின் குரலே அவரை ஈர்த்தது. அந்தக் குரலின் நெளிவுகளையும், சொல்லை அவர் தொட்டு விடும் விதத்தையும் உற்றுக்கேட்டுப் பின்பற்ற முயன்றார்.

மகளின் குரலைக் கேட்ட தாய், கிரேஸ் ரெய்ன் என்ற ஆசிரியையிடம் சேர்த்தார். மாணவியின் திறமையைக் கண்ட ரெய்ன் ஒரு வகுப்புக் கட்டணத்துக்கு வாரம் மூன்று வகுப்புகள் எடுத்தார். அவர் கற்பித்தவற்றுள் முதன்மையானது, கூட்டத்தை நோக்கிப் பாடாமல் யாரோ ஒருவரின் காதருகே நின்று சொல்வதுபோலப் பாட வேண்டும் என்பது. டோரிஸ் டேயின் கலையை விளங்கிக்கொள்ள இந்த ஒரு பாடமே திறவுகோல். மேடையில் கடைசி வரிசைவரை எட்ட வேண்டியிருந்த குரலை, மைக் வந்த பிறகு தணித்துப் பாட முடிந்தது. அந்த வசதியைப் பிங் கிராஸ்பி போன்றோர் முன்பே பயன்படுத்தியிருந்தனர். டோரிஸ் அதைப் பாட்டோடு நிறுத்தாமல் கேமராவின் முன்னும் கொண்டுபோனார். அவருடைய நடிப்பும் பாட்டும் இரு தொழில்களாகத் தோன்றாததற்குக் காரணம் இதுதான்.

சின்சினாட்டியின் டபிள்யூ.எல்.டபிள்யூ. வானொலியில் பாடிய அவரை உள்ளூர் இசைக்குழுத் தலைவர் பார்னி ராப் சேர்த்துக்கொண்டார். கப்பல்ஹாஃப் என்ற பெயர் விளம்பரப் பலகைக்கு நீளம் என்று கருதிய ராப், அவர் நன்றாகப் பாடிவந்த 'டே ஆஃப்டர் டே' பாடலிலிருந்து 'டே' என்பதை எடுத்து ஒட்டினார். டோரிஸுக்கு அந்தப் பெயர் கடைசிவரை பிடிக்கவில்லை. பின் பாப் கிராஸ்பி குழு, அதன்பின் லெஸ் பிரவுன் குழு.

அக்காலப் பெரிய இசைக்குழுக்களில் பாடகியின் இடம் குறுகியது. மக்கள் ஜோடியாக ஆடுவதற்குத்தான் இசை. பாடகி மேடையோரம் நாற்காலியில் காத்திருந்து, பாட்டின் நடுவில் எழுந்து தன் பங்கைப் பாடிவிட்டு மீண்டும் உட்கார வேண்டும். ஆடுபவர்களின் கால்களுக்காகத் தாளம் இம்மியும் பிசகக்கூடாது. இரவுதோறும் ஊர்விட்டு ஊர் பேருந்துப் பயணம். கட்டான தாளத்துக்குள் சொல்லை ஒரு நூலிழை தாமதித்து விடும் லாகவம் இந்தப் பள்ளியில்தான் அவருக்கு வாய்த்தது. பிற்காலத்தில் நகைச்சுவைப் படங்களில் அவர் வசனத்தை விட்ட நேரக்கணக்கும் இங்கே படிந்ததே.

1941இல் டிராம்போன் கலைஞர் ஆல் ஜோர்டனை மணந்தார். கணவர் அடிப்பவர், டோரிஸ் கருவுற்றிருந்தபோதும் அடித்தார். 1942 பிப்ரவரியில் மகன் டெர்ரி பிறந்தான். அடுத்த ஆண்டே மணமுறிவு. குழந்தையைத் தாயிடம் விட்டு மீண்டும் லெஸ் பிரவுன் குழுவில் சேர்ந்தார். அப்போது அமைந்ததுதான் 'சென்டிமென்டல் ஜர்னி'. இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவு வேலைநிறுத்தம் 1942இல் தொடங்கி நீடித்ததால், குழுவினர் மேடையில் வாசித்துவந்த அந்தப் பாட்டைத் தட்டில் பதிக்க முடியாமல் இருந்தது. 1944 நவம்பரில் தடை நீங்கியதும் கொலம்பியா நிறுவனம் பதிவு செய்தது. 1945இல் தட்டு வெளிவந்தபோது ஐரோப்பாவில் போர் முடிந்துகொண்டிருந்தது. ஊர் திரும்பும் ஏக்கத்தைச் சொல்லும் பாட்டு, ஊர் திரும்பக் காத்திருந்த லட்சக்கணக்கான வீரர்களின் பாட்டாகிவிட்டது. விற்பனைப் பட்டியலில் அது முதலிடம் பிடித்தபோது டோரிஸுக்கு வயது 23.

திரைப்பட வாய்ப்பு எதிர்பாராமல் வந்தது. சாக்ஸஃபோன் கலைஞர் ஜார்ஜ் வைட்லருடனான இரண்டாம் திருமணமும் முறிந்துகொண்டிருந்த வேளையில், ஹாலிவுட் விருந்து ஒன்றில் அவர் பாடியதைப் பாடலாசிரியர் சாமி கானும் இசையமைப்பாளர் ஜூல் ஸ்டைனும் கேட்டனர். வார்னர் பிரதர்ஸ் தயாரித்த 'ரொமான்ஸ் ஆன் த ஹை சீஸ்' படத்தில் நடிக்கவிருந்த பெட்டி ஹட்டன் கருவுற்று விலகியிருந்தார். இயக்குநர் மைக்கேல் கர்ட்டிஸ் டோரிஸைச் சோதித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார். நடிப்பு வகுப்புக்குப் போகவே கூடாது என்றும் சொல்லிவைத்தார். 1948இல் வந்த படத்தின் 'இட்ஸ் மேஜிக்' பாடல் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

வார்னரில் கழித்த ஏழு ஆண்டுகளில் அவர் நடித்தவற்றுள் பெரும்பாலானவை பழைய அமெரிக்கச் சிற்றூரின் இனிமையைச் சொல்லும் இசைப்படங்கள். அவற்றில் பல இன்று மங்கிவிட்டன. விலக்காகச் சிலவற்றைச் சொல்ல வேண்டும். 'யங் மேன் வித் எ ஹார்ன்' (1950) படத்தில் கிர்க் டக்ளஸுடனும் லாரன் பேகாலுடனும் நடித்தார். 'ஸ்டார்ம் வார்னிங்' (1951) கு கிளக்ஸ் கிளான் என்ற இனவெறி அமைப்பின் கொலைகாரர்களைப் பற்றியது. அதில் பாட்டே கிடையாது. ஸ்டூடியோ அந்த வழியில் மேலும் போகவில்லை என்பது இழப்பே.

'கலாமிட்டி ஜேன்' (1953) வார்னர் காலத்தின் உச்சம். மான்தோல் உடையும் துப்பாக்கியும் புழுதியுமாக அவர் ஏற்ற மேற்கத்தியப் பெண் வேடம், அதுவரை ஒதுக்கிவைத்திருந்த நடனக்காரியின் உடலை வெளியே கொண்டுவந்தது. அதன் 'சீக்ரெட் லவ்' பாடலை அவர் பதிவு செய்த கதை புகழ்பெற்றது. வீட்டில் பாடிப் பார்த்துவிட்டு சைக்கிளில் ஸ்டூடியோவுக்குப் போனார். வாத்தியக்குழுவோடு முதன்முறை பாடியதையே இசை இயக்குநர் ரே ஹெய்ண்டார்ஃப் இறுதிப் பதிவாக ஏற்றார். தாழ்ந்த குரலில், தனக்குத்தானே பேசுவதுபோலத் தொடங்கும் பாட்டு, இறுதியில் முழுக்குரலாகத் திறக்கிறது. அந்தப் பாடலுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

வார்னரை விட்டு வெளியேறியதும் எம்.ஜி.எம். தயாரித்த 'லவ் மீ ஆர் லீவ் மீ' (1955) படத்தில் நடித்தார். 1920களின் பாடகி ரூத் எட்டிங்கின் வாழ்க்கை அது. பாடகியைத் தூக்கிவிட்டு, பின் அவரையே சொத்தாகப் பிடித்துவைக்கும் ரௌடியாக ஜேம்ஸ் காக்னி. முன்னேற வேண்டும் என்ற ஆசையும், அதற்குக் கொடுத்த விலையின் கசப்பும் டோரிஸின் முகத்தில் மாறிமாறித் தெரியும். இனிமையான பெண்ணையே பார்த்துப் பழகிய ரசிகர்கள் சிலர் அவர் குடிப்பதுபோல நடித்ததைக் கண்டித்துக் கடிதம் எழுதினர். காக்னிக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. டோரிஸுக்குக் கிடைக்காதது அந்த ஆண்டுத் தேர்வாளர்களின் குறை.

அடுத்த ஆண்டு ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'த மேன் ஹூ நியூ டூ மச்'. மருத்துவரை மணந்து மேடையை விட்ட பாடகி ஜோ மெக்கென்னாவாக டோரிஸ். கணவராக ஜேம்ஸ் ஸ்டூவர்ட். மொராக்கோவில் மகன் கடத்தப்படுகிறான். செய்தியைச் சொல்வதற்கு முன் கணவர் அவரை வற்புறுத்தித் தூக்க மாத்திரை விழுங்க வைக்கிறார். மருந்து ஏறத் தொடங்கிய நேரத்தில்தான் செய்தி. கதறல் எழுகிறது, உடல் துவள்கிறது, கணவர் கட்டிலில் அழுத்திப் பிடிக்கிறார். கோபமும் மயக்கமும் ஒரே குரலில் மோதுகின்றன. படப்பிடிப்பு முழுவதும் ஹிட்ச்காக் தனக்கு எந்தக் குறிப்பும் சொல்லவில்லையே என்று டோரிஸ் கலங்கியதும், தவறாகச் செய்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவர் பதிலளித்ததும் பலமுறை எழுதப்பட்டவை.

அப்படத்துக்காக ஜே லிவிங்ஸ்டனும் ரே எவன்ஸும் எழுதிய 'கே செரா செரா' பாட்டை டோரிஸ் முதலில் விரும்பவில்லை. குழந்தைப் பாட்டு என்று ஒதுக்கப் பார்த்தார். படத்தில் அது இருமுறை வருகிறது. முதல்முறை மகனோடு வீட்டுப் பாட்டாக. இரண்டாம் முறை லண்டனில் ஒரு தூதரகத்தில்: மாடியறையில் அடைபட்டிருக்கும் மகனுக்கு எட்ட வேண்டும் என்று பியானோ முன் உட்கார்ந்து, விருந்தினர் முகம் சுளிக்கும் அளவுக்கு உரக்கப் பாடுகிறார். மகன் சீட்டியடித்துப் பதில் தருகிறான். ஒருவருக்காக மட்டும் பாடு என்று கற்ற பாடகிக்கு இதைவிடப் பொருத்தமான காட்சி அமையாது. வழக்கமான மென்குரலை அங்கே கைவிட்டதில்தான் தாயின் பதைப்பு கேட்கிறது. பாடலுக்கு ஆஸ்கர் கிடைத்தது, உலகமெங்கும் பரவியது. தமிழிலும் அடுத்த ஆண்டே 'ஆரவல்லி' (1957) படத்தில் ஜி. ராமநாதன் இசையில் அதே மெட்டு ஒலித்தது. தாயிடம் மகள் கேட்கும் கேள்வியாகவே அமைந்த அந்தத் தமிழ்ப் பாட்டை ஜிக்கி பாடினார்.

இசைத்தட்டுகளில் அவருடைய சாதனை திரைப்படப் புகழால் சற்று மறைந்துபோயிற்று. 1947 முதல் 1967 வரை கொலம்பியாவுக்காக அவர் பதித்த பாடல்கள் 600க்கும் மேல். பால் வெஸ்டன் இசைக்குழுவோடு செய்த 'டே பை டே', 'டே பை நைட்' தொகுப்புகளும், ஆந்த்ரே பிரெவினின் பியானோ மூவர் குழுவோடு செய்த 'டூயட்' (1962) தொகுப்பும் தனித்து நிற்பவை. 'டூயட்'டில் பெரிய வாத்தியக்குழுவின் மறைப்பு இல்லை. மூச்சு எங்கே எடுக்கிறார், மெய்யெழுத்தை எவ்வளவு மெதுவாக முடிக்கிறார் என்பதெல்லாம் அப்படியே கேட்கின்றன. அவரை ஜாஸ் பாடகியாகவும் எண்ண வேண்டும் என்பதற்கு இந்த ஒரு தட்டே போதும்.

'பிலோ டாக்' (1959) அவரை வசூலின் உச்சிக்கு ஏற்றியது. ஒரே தொலைபேசி இணைப்பை இரண்டு வீட்டார் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்த காலம். வீட்டு உள்ளலங்காரம் செய்யும் ஜேன் மாரோவும் (டோரிஸ்), எப்போதும் எந்தப் பெண்ணிடமாவது பேசிக்கொண்டே இருக்கும் பாடலாசிரியரும் அந்த இணைப்புக்காகச் சண்டையிடுகிறார்கள். ராக் ஹட்சனுடன் அமைந்த இந்த ஜோடி 'லவர் கம் பேக்' (1961), 'செண்ட் மீ நோ ஃப்ளவர்ஸ்' (1964) படங்களிலும் தொடர்ந்தது. 'பிலோ டாக்' டோரிஸுக்கு வாழ்நாளில் கிடைத்த ஒரே ஆஸ்கர் பரிந்துரையைத் தந்தது. திரையரங்கு உரிமையாளர்களின் கணிப்பில் 1960, 1962, 1963, 1964 ஆகிய நான்கு ஆண்டுகளில் ஆண், பெண் அனைவரிலும் முதல் வசூல் நட்சத்திரம் அவர்தான்.

இப்படங்களால் அவர்மேல் கற்பைக் காக்கும் கன்னி என்ற முத்திரை விழுந்து, அறுபதுகளின் இறுதியில் கேலியாகவும் மாறியது. படங்களைப் பார்த்தால் வேறொன்று தெரியும். 'த பஜாமா கேம்' (1957) படத்தில் ஊதிய உயர்வுக்குப் போராடும் தொழிற்சங்கப் பொறுப்பாளர். 'டீச்சர்ஸ் பெட்' (1958) படத்தில் இதழியல் கற்பிக்கும் ஆசிரியை. 'லவர் கம் பேக்'கில் விளம்பர நிறுவன அலுவலர். சொந்த வருமானம், சொந்த வீடு, சொந்த முடிவு உடைய பெண்கள் இவர்கள். ஏமாற்றுகிற ஆணிடம் மசிய மறுப்பது அவர்களுடைய தன்மதிப்பு. எழுபதுகளில் விமர்சகர் மோலி ஹாஸ்கல் இதை எடுத்துச்சொன்ன பிறகே மறுமதிப்பீடு தொடங்கியது. 'மிட்நைட் லேஸ்' (1960) என்ற திகில் படத்தில் அச்சத்தை நடிக்கத் தன் முதல் திருமணத்தின் நினைவுகளைத் தோண்டி, படப்பிடிப்புத் தளத்திலேயே நிலைகுலைந்தவர் அவர். அத்தகைய வேடங்களைப் பிறகு ஏற்கவில்லை. 'த கிராஜுவேட்' படத்தின் திருமதி ராபின்சன் வேடத்தையும் மறுத்தார்.

1951இல் அவர் மணந்த மார்ட்டின் மெல்ச்சர்தான் அவருடைய பல படங்களின் தயாரிப்பாளரும் வரவு செலவைப் பார்த்தவரும். 1968 ஏப்ரலில் மெல்ச்சர் இறந்ததும் இரண்டு செய்திகள் வெளிவந்தன. இருபது ஆண்டுச் சம்பாத்தியம் வழக்கறிஞர் ஜெரோம் ரோசென்தாலின் நிர்வாகத்தில் கரைந்து, கடன் மிஞ்சியிருந்தது. தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கும் அவரைக் கேட்காமலே ஒப்பந்தமாகியிருந்தது. துக்கத்தில் இருந்த டோரிஸ் அந்தத் தொடரை ஏற்று 1968 முதல் 1973 வரை 'த டோரிஸ் டே ஷோ'வை நடத்திக் கடனை அடைத்தார். ரோசென்தால்மீது வழக்குத் தொடுத்தார். 1974இல் நீதிமன்றம் இரண்டு கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு விதித்தது. கைக்கு வந்தது அதில் ஒரு பகுதியே. 1975இல் ஏ.இ. ஹாட்ச்னருடன் வெளியிட்ட தன்வரலாற்றில் அடி, ஏமாற்றம், கடன் அனைத்தையும் மறைக்காமல் சொன்னார்.

1968இல் வந்த 'வித் சிக்ஸ் யூ கெட் எக்ரோல்' அவருடைய 39ஆவது படம், கடைசிப் படமும்கூட. தொடர் முடிந்தபின் கலிஃபோர்னியாவின் கார்மல் பகுதியில் குடியேறி விலங்கு நலப் பணியில் இறங்கினார். 1978இல் தொடங்கிய அறக்கட்டளை இன்றும் அவர் பெயரில் இயங்குகிறது. 1985இல் அவருடைய செல்லப்பிராணி நிகழ்ச்சிக்கு ராக் ஹட்சன் வந்தபோது எய்ட்ஸால் உருக்குலைந்திருந்தார். நண்பரை அணைத்து வரவேற்ற டோரிஸைச் செய்திப்படங்கள் உலகெங்கும் காட்டின. நோயாளியைத் தொடவே பலர் அஞ்சிய காலம் அது. ஹட்சன் அக்டோபரில் இறந்தார்.

2004இல் அமெரிக்க அரசின் உயரிய குடிமக்கள் விருதான அதிபர் சுதந்திரப் பதக்கம் அறிவிக்கப்பட்டது. விமானத்துக்கு அஞ்சி அவர் போகவில்லை. அதே ஆண்டு நவம்பரில் மகன் டெர்ரி புற்றுநோயால் இறந்தார். பேர்ட்ஸ் இசைக்குழுவின் முதல் தட்டுகளைத் தயாரித்தவர் டெர்ரி. அவர் எண்பதுகளில் தாயைப் பாடவைத்துப் பதித்த பாடல்கள் பெரும்பகுதியாக அமைந்த 'மை ஹார்ட்' தொகுப்பு 2011இல் வெளிவந்து, பிரிட்டனின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. டோரிஸ் டே 2019 மே 13 அன்று கார்மல் வேலியில் 97ஆம் வயதில் காலமானார். அவர் விருப்பப்படி இறுதிச் சடங்கோ கல்லறைக் கல்லோ இல்லை. மறு ஆண்டு அவருடைய உடைமைகள் ஏலத்துக்கு வந்தன. கிடைத்த பணம் விலங்குகளுக்கான அவருடைய அறக்கட்டளைக்குப் போயிற்று.