பெயரொன்றே சான்றாகுமோ?
அமெரிக்க கவுண்டிக் குற்ற வழக்குப் பதிவுகளை ஆராயும் முறை

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேசப் புகுந்த பொருள் இச்சபைக்குப் புதிதாகத் தோன்றலாம். இலக்கியமும் இலக்கணமும் கற்பித்து வரும் பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் அமெரிக்க தேசத்துக் குற்ற வழக்குப் பதிவுகளைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் ஐயுறுவர். காரணம் உண்டு. நம் குடும்பங்களிற் பலவற்றின் மக்கள் இன்று அத்தேசத்தில் உத்தியோகம் புரிகின்றனர். அவர்களுக்குப் பெண் கொடுப்பதும் அவர்களிடம் பெண் கொள்வதும் நம் வீட்டுத் திண்ணையிலேயே பேசி முடிக்கப்படுகின்றன. முற்காலத்தில் ஒரு பிள்ளையின் குணாகுணங்களை அறிய வேண்டின், அவனுடைய ஊருக்குச் சென்று இரண்டு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்து விசாரித்தால் போதும். கடல் கடந்து வாழ்பவனைப் பற்றி எவ்வூரில், எத்திண்ணையில் விசாரிப்பது?

இரண்டாண்டுகளுக்கு முன் எம் உறவினர் ஒருவர் வீட்டில் நிகழ்ந்ததைச் சொல்லுகின்றோம். பெண்ணுக்கு நிச்சயதார்த்த நாள் குறித்தாயிற்று. பிள்ளை டெக்ஸாஸ் மாநிலத்தில் வேலை பார்ப்பவர். பதினைந்து நாள் இருக்கையில், யாரோ ஒருவர், பணம் கட்டித் தகவல் பெறும் இணையதளமொன்றில் அப்பிள்ளையின் பெயரைத் தேடி, அப்பெயருக்கு நேரே 'பெலனி' என்றிருந்ததைப் படமெடுத்து உறவினர் அனைவர்க்கும் அனுப்பிவிட்டார். அன்றிரவே பெரியவர்கள் கூடினர். கற்றவர் என்று எம்மையும் அழைத்துக் கேட்டனர். "நிறுத்திவிடுங்கள்" என்றே யாமும் சொன்னோம். சம்பந்தம் நின்றது. நான்கு மாதங் கழித்து, அங்கிருக்கும் எம் பழைய மாணாக்கர் ஒருவர் அக்கவுண்டியின் கோர்ட்டுக் காரியாலயத்தில் அவ்வழக்கின் பதிவை எடுத்துப் பார்த்தார். வழக்கிற்குரியவர் பிள்ளையைவிடப் பத்தொன்பது வயது மூத்தவர். பெயர் ஒன்று, ஆள் வேறு! அதற்குள் அப்பிள்ளையின் பெற்றோர் ஊரிற் பட்ட தலைகுனிவை யாம் கண்ணாரக் கண்டோம். அத்தவற்றில் எமக்கும் பங்குண்டு. அது மற்றொரு வீட்டில் நிகழாதிருக்கவே இப்பேச்சு.

முதலாவது, சொற்களின் பொருளைத் தெளிவோம். அமெரிக்க ஐக்கிய நாடு 50 மாநிலங்களை உடையது. மாநிலந்தோறும், நம் நாட்டு ஜில்லாக்களைப் போலச் சிறு பிரிவுகள் உள. அவற்றிற்குக் கவுண்டி என்று பெயர். லூயிசியானாவில் மட்டும் பாரிஷ் என்றும், அலாஸ்காவில் பரோ என்றும் வழங்குவர். இவை யாவுங் கூடி 3,100க்கு மேற்பட்டவை. டெக்ஸாஸில் மட்டும் 254, கலிபோர்னியாவில் 58. பெலனி என்பது பெருங்குற்றம். பெரும்பாலும் ஓராண்டிற்கு மேற்பட்ட சிறைவாசம் விதிக்கத்தக்க குற்றங்கள் அப்பெயர் பெறும். அதனிற் குறைந்தது மிஸ்டிமீனர். நம்மவர் மிகுதியாக வாழும் நியூ ஜெர்சியிலோ சட்டம் பெலனி என்று பிரிப்பதில்லை. பெருங்குற்றங்களைக் கிரைம் என்றே குறித்து நான்கு படிகளாக வகுத்துள்ளது.

இனி, பிறருடைய வழக்குப் பதிவை நாம் பார்க்கலாமோ என்று கேட்பீர்கள். பார்க்கலாம். நியாயஸ்தலப் பதிவுகளைப் பார்வையிடவும் பிரதி எடுக்கவும் பொதுமக்களுக்குப் பொதுவானதோர் உரிமை உண்டென்பதை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1978ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது. குற்ற விசாரணைகள் மக்கள் காண நடைபெறவேண்டும் என்று 1980ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. மூடிய அறையில் வழங்கும் நீதியை எவரும் நம்பார் என்பதே இதன் கருத்து. ஆயினும் அவ்வுரிமைக்கு வரம்பும் உண்டு; சிறுவர் வழக்குகளும், நீதிபதி முத்திரையிட்டு மூடிய வழக்குகளும் பொதுமக்கள் பார்வைக்கு வாரா.

அப்பதிவுகள் எங்கே இருக்கின்றன? தேசம் முழுமைக்குமான ஒரே பொதுப் புத்தகம் ஒன்றிருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். அஃது இல்லை. எப். பி. ஐ. என்னும் மத்திய போலீசாரிடம் தேசத்துக்குரிய தொகுப்பொன்று உண்டு. அஃது அயலார் பார்வைக்குத் திறந்ததன்று. ஒருவர் தம்முடைய பதிவைத் தாமே 18 டாலர் செலுத்திப் பெறலாம், அவ்வளவே. ஆதலின் நாம் கேட்கவேண்டிய முதற் கேள்வி "இவர் பெயர் என்ன?" என்பதன்று, "இவர் எந்தெந்தக் கவுண்டிகளில் வாழ்ந்தார்?" என்பதே. ஊர்ப் பெயரைக் கொண்டு கவுண்டியை ஊகித்தல் ஆகாது. டல்லாஸ் நகருக்கு அருகிலுள்ள பிளேனோவின் பெரும்பகுதி காலின் கவுண்டியைச் சேர்ந்தது. ஹூஸ்டன் நகரமோ ஹாரிஸ் கவுண்டியில் மட்டும் அடங்காது பக்கத்துக் கவுண்டிகளிலும் பரவியுள்ளது.

கவுண்டியை அறிந்தபின், பெருங்குற்றங்களை விசாரிக்கும் நியாயஸ்தலத்தை அறிதல் வேண்டும். அதன் பெயர் மாநிலந்தோறும் வேறுபடும். கலிபோர்னியாவிலும் நியூ ஜெர்சியிலும் சுப்பீரியர் கோர்ட்டு. டெக்ஸாஸில் டிஸ்டிரிக்ட் கோர்ட்டு. இல்லினாய்ஸிலும் புளோரிடாவிலும் சர்க்யூட் கோர்ட்டு. ஒஹையோவிலும் பென்சில்வேனியாவிலும் காமன் பிளீஸ் கோர்ட்டு. நியூயார்க் நகரத்திற் பெலனி வழக்கை விசாரிக்கும் மன்றத்திற்குச் சுப்ரீம் கோர்ட்டு என்று பெயர். பெயரைக் கண்டு உச்ச நீதிமன்றம் என மயங்கற்க. பதிவுகளைக் காக்கும் அதிகாரி, பொதுவாகக் கிளார்க்கு எனப்படுவார். நம் ஊர்க் குமாஸ்தாவைப் போன்றவரல்லர். பொறுப்பு மிக்க உத்தியோகஸ்தர். பல இடங்களில் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்.

தேடும் வழிகள் மூன்று. முதலாவது, அக்கோர்ட்டின் அல்லது மாநிலத்தின் சொந்த இணையதளம். விஸ்கான்ஸின் மாநிலத்தில் 72 கவுண்டிகளின் வழக்குகளையும் கட்டணமின்றி ஒரே இடத்தில் தேடலாம். அங்கு வழக்கெண்ணில் ஆண்டிற்குப் பின் சி. எப். என்றிருப்பின் பெலனி, சி. எம். என்றிருப்பின் மிஸ்டிமீனர். மேரிலாந்து, மிஸ்ஸௌரி, பென்சில்வேனியா, இண்டியானா ஆகிய மாநிலங்களும் இத்தகைய தேடும் வசதியை வைத்துள்ளன. இரண்டாவது, நேரிற் செல்லுதல். கலிபோர்னியாவில் குற்ற வழக்கின் ஆவணங்களைப் பொதுமக்கள் வீட்டிலிருந்தபடி இணையத்திற் படித்தல் பொதுவாக இயலாது. நீதிமன்றத்துக்குச் சென்றே பார்க்கவேண்டும். மூன்றாவது, கட்டணஞ் செலுத்தி விண்ணப்பித்தல். நியூயார்க்கில் நீதிமன்ற நிர்வாகத்தாருக்கு 95 டாலர் செலுத்தி, பெயரையும் பிறந்த தேதியையுங் கொடுத்தால், மாநிலம் முழுவதும் தேடி விடை தருவர். எங்கே தேடினும், வழக்கெண் கிடைத்தவுடன் அதனைக் குறித்துக்கொள்க. பெயர் பலர்க்கு ஒன்றாகும். அக்கோர்ட்டில் வழக்கெண் ஒரு வழக்கிற்கே உரியது.

இவற்றின் வேறாக, மத்திய அரசின் சட்டத்தை மீறிய குற்றங்கள் கவுண்டிப் பதிவில் வாரா. அவை 94 மத்திய மாவட்ட நீதிமன்றங்களில் நடைபெறும். அவற்றின் பதிவுகளைப் பேஸர் என்னும் இணைய ஏற்பாட்டின் வழியே காணலாம். பக்கம் ஒன்றுக்கு 10 சென்ட். ஓர் ஆவணத்திற்கு 3 டாலருக்கு மேல் வாங்கார். மூன்று மாதத்திற் செலவு 30 டாலரைத் தாண்டாவிடின் ஒன்றுமே வாங்கார்.

இனி, நம்மவர்க்கே உரிய இடர் ஒன்றுண்டு. அது பெயர். தந்தை பெயரை முதலெழுத்தாக வைத்து வழங்கும் நம் வழக்கம் அத்தேசத்தில் இல்லை. அங்கே தந்தையின் பெயர் சிலர்க்குக் குடும்பப் பெயராய் நிற்கும்; சிலர்க்கு முன்னும் பின்னும் மாறி நிற்கும். நம்முடைய ழகரத்தையும் நெடிலையும் ஆங்கில எழுத்தில் ஒருவர் எழுதுவதுபோல் மற்றொருவர் எழுதார். ஆகவே ஒருவர் பெயரை இரண்டு மூன்று எழுத்துக்கூட்டலிலும், முன்பின் மாற்றியும் தேடவேண்டும். அதனாலேயே, வேற்றாள் ஒருவரைப் பிடித்துக்கொள்ளும் அபாயமும் மிகும். பிறந்த தேதி ஒத்திருப்பினன்றி ஆள் ஒருவரே என்று துணியலாகாது. கலிபோர்னியாவிலோ, பிறந்த தேதியைக் கொண்டு வழக்கு அட்டவணையைத் தேடப் பொதுமக்களை விடலாகாதென்று 2021ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு மன்றம் ஒன்று தீர்ப்பளித்துவிட்டது. அத்தகைய இடத்திற் பெயரொற்றுமை கண்டு முடிவு செய்தல் இருட்டிற் கல்லெறிதலேயாம்.

ஆள் அவரே என்று தெளிந்த பின்னும் அவசரம் ஆகாது. பதிவை முதலிலிருந்து இறுதிவரை படித்தல் வேண்டும். வழக்கின் நடவடிக்கைகளை நாள் வரிசையாக எழுதிய ஏட்டிற்கு டாக்கெட்டு என்று பெயர். அதன் தலைப்பிற் காண்பது குற்றச்சாட்டு. அது போலீசாரும் அரசாங்க வக்கீலும் சொல்வது. நியாயஸ்தலம் சொல்வதை அறிய இறுதிக்குச் செல்லவேண்டும். டிஸ்போஸிஷன் என்னும் இடத்தில் இருப்பதே முடிவு. அங்கே டிஸ்மிஸ்டு என்றிருப்பின் வழக்குத் தள்ளுபடி. அக்விட்டட் என்றிருப்பின் விடுதலை. நாலி பிராஸிக்வி என்றிருப்பின் அரசாங்கமே வழக்கைக் கைவிட்டது. கன்விக்டட் என்றிருந்தாலன்றிக் குற்றவாளி என்று சொல்லுதற்கில்லை. பெலனியாகத் தொடங்கிய வழக்கு மிஸ்டிமீனராக முடிதலும் உண்டு. டெக்ஸாஸில் டிபர்டு அட்ஜுடிகேஷன் என்றொரு முறை உண்டு. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் குறித்த காலம் ஒழுங்காய் நடந்தால், குற்றவாளி என்று தீர்க்காமலே நீதிபதி வழக்கை முடித்துவிடுவார். இவற்றையெல்லாம் அறியாது தலைப்பை மட்டும் படிப்பவர், முதல் அடியைக் கண்டு செய்யுள் முழுமைக்கும் பொருள் கூறுபவரை ஒப்பர்.

பணத்திற்குத் தகவல் விற்கும் இணையதளங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை பல கவுண்டிகளிலிருந்து எடுத்தவற்றைச் சேர்த்து வைத்து விற்பன. மூலப் பதிவில் வழக்குத் தள்ளுபடியான பின்னும், மூடப்பட்ட பின்னும், அவர்களுடைய பிரதியில் பழைய செய்தியே நிற்றல் கூடும். உத்தியோகத்திற்கு ஆளெடுப்போர் இத்தகைய அறிக்கையைப் பெறுமுன் அவருடைய எழுத்து மூலமான சம்மதத்தைப் பெறவேண்டும் என்று 1970ஆம் ஆண்டின் சட்டமொன்று விதிக்கின்றது. வேலைக்கே இத்துணை எச்சரிக்கை வேண்டுமாயின், இரு குடும்பங்களின் வாழ்விற்கு எத்துணை வேண்டும்! அத்தளங்களில் ஏதேனும் கண்டால் அதனை ஒரு துப்பாக மட்டுங் கொண்டு, கிளார்க்கின் பதிவிற்குச் செல்லுக. ஒன்றுங் காணாவிடினும், குற்றமே இல்லை என்று துணிதல் வேண்டா; தேடாத கவுண்டியில் இருப்பதை நாம் அறியோம். பென்சில்வேனியா 2018ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தைப் போல, சில பழைய பதிவுகளைத் தாமே மூடச் செய்யும் ஏற்பாடுகளும் உள. திருந்தி வாழ்பவர்க்கு வழிவிட வேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். நாமும் அதனை மதித்தல் நன்று.

பெரியோர்களே! கோவலன் கதையை இச்சபையில் அறியாதார் இலர். பொற்கொல்லன் சொல்லைக் கேட்ட பாண்டியன், சிலம்பு இருந்தது, கள்வன் கிடைத்தான் என்று துணிந்தான். சிலம்பின் உள்ளே இருப்பது முத்தோ மாணிக்கமோ என்று முன்னமே உடைத்துப் பார்த்திருந்தால், ஓர் உயிரும் ஒரு நகரமும் பிழைத்திருக்கும். அமெரிக்க தேசத்தார் தம் நியாயஸ்தலப் பதிவை எவரும் திறந்து பார்க்கும்படி வைத்திருக்கின்றனர். திறந்து பாராமல் வெளியிலிருந்தே தீர்ப்புச் சொன்னவர் நாமே.

ஆகலின் யாம் வேண்டுவன மூன்று. சம்பந்தம் பேசும்போதே, பிள்ளையாயினும் பெண்ணாயினும், வாழ்ந்த ஊர்களையும் கவுண்டிகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இருதிறத்தாரும் ஒருவர்க்கொருவர் மறையாது கொடுங்கள். பதிவைத் தேடினால், வழக்கெண்ணும் பிறந்த தேதியும் முடிவும் கைக்கு வருமுன் பிறர்க்கு ஒன்றும் அனுப்பாதீர்கள். உண்மையாகவே ஏதேனும் காணப்படின், பிறரிடம் பேசுமுன் அவரையே அழைத்து, "இஃது யாது?" என்று கேளுங்கள். கேட்ட பின் ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

உண்மை தெரிந்த வாரமே அப்பிள்ளையின் வீட்டிற்குச் சென்றோம். வாயிலில் நின்று, யாம் சொன்னது பிழை என்றோம். அவருடைய தாயார் உள்ளே வரச் சொல்லி மோர் கொடுத்தார். "உங்களுக்கு முன்னே ஒருவரும் வந்து கேட்கவில்லையே, ஐயா!" என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னது வந்து மன்னிப்புக் கேட்டதையோ, முன்னமே வந்து விசாரிக்காததையோ என்பது எமக்கு இன்றும் விளங்கவில்லை. இரண்டுமே உண்மைதான். நம் சங்கத்தைச் சேர்ந்த எந்தத் தாயும் இனி அவ்வாறு சொல்லாதிருப்பாளாக.