சித்திர வேலைத் துவக்குகளை மதிப்பிடல்

வன்னி நாட்டிலே துவக்கு என்றவுடன் முதியோர் நினைவுக்கு வருவது இடியன். குழலின் வாய்வழியே மருந்தையும் ஈயத்தையும் இட்டு, கம்பியால் இடித்து இறுக்கிச் சுடப்படுவது அது. பெயரே அதன் தொழிலைச் சொல்லும். காடு வெட்டிக் கழனி கண்ட குடிகள், பன்றியும் யானையும் பயிரை அழியாதபடி காவற் பரணிலே அதனை வைத்திருந்தனர். அதன் குழலிலே பூ வேலை இல்லை, கொடி இல்லை, செய்தவன் பெயரும் பெரும்பாலும் இல்லை. கட்டை உடைந்தால் உள்ளூர்த் தச்சன் வேறொன்று செய்து பொருத்துவான். அதன் மதிப்பு, மாரி காலத்து இரவொன்றில் அது வெடித்ததா, வெடிக்கவில்லையா என்பதோடு முடிந்துவிடும்.

ஆயின், துவக்கினை வேட்டைக்கும் காவலுக்கும் அன்றி, பார்த்து மகிழ்வதற்கென்றே தேடிச் சேர்ப்போரும் உலகில் உளர். அன்னார் பெரிதும் விரும்பும் பொருள்களுள் ஒன்று, அமெரிக்க நாட்டு வின்செஸ்டர் கம்பனியார் செய்த றைபிள். விசையைச் சூழ்ந்திருக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மீண்டும் மேலே இழுத்தால், வெற்றுத் தோட்டா வெளியே தெறித்து, புதுத் தோட்டா உள்ளே ஏறிவிடும். 1866 ஆம் ஆண்டிலே வெளிவந்த அமைப்பின் உடற்பகுதி பித்தளைபோல் மஞ்சள் நிறம் பெற்ற உலோகத்தால் ஆயது. 1873 ஆம் ஆண்டின் அமைப்போ இரும்பால் ஆகி, ஏழு இலட்சத்துக்கும் மேலாகச் செய்யப்பட்டது. இவற்றுட் சிலவற்றிலே, வேண்டுவோர் விருப்பப்படி, கொடியும் இலையும் மானும் கரடியும் செதுக்கப்பட்டன. உல்றிச் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த சகோதரர்கள் இவ்வேலையில் பெயர் பெற்றவர்கள்.

இத்தகைய துவக்கொன்று விலைக்கு வரும்போது, மதிப்பிடுவோன் முதலில் பார்ப்பது சித்திரத்தின் அழகையன்று. அச்சித்திரம் அத்துவக்கோடு பிறந்ததா, பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டதா என்பதே அவனுடைய முதற் கேள்வி. தொழிற்சாலையிலே செதுக்கு வேலை முடிந்த பின்னரே இரும்புக்கு நீல நிறமோ தீப்பட்ட பல வண்ணமோ ஊட்டுவர். ஆகவே, உண்மையான வேலையாயின் உளி சென்ற பள்ளத்தின் அடியிலும் அந்நிறத்தின் எச்சம் இருத்தல் வேண்டும். துருப் பிடித்துக் குழிந்த இடத்தை ஊடறுத்துக்கொண்டு கோடு புதிதாக ஓடுமாயின், துரு முந்தியது, சித்திரம் பிந்தியது என்பது வெளிப்படை. நூறாண்டு பழமை சொல்லும் துவக்கிலே கோட்டின் விளிம்பு நேற்றுச் செதுக்கியதுபோல் கூராக இருப்பதும் ஐயத்துக்குரியது. தேய்ந்து மழுங்கி நிற்பது வேறோர் ஐயத்துக்குரியது. பின்னைய குற்றம் பெரும்பாலும் உடையவன் செய்தது. பொருளைப் பளபளப்பாக்க வேண்டும் என்னும் ஆசையினாலே அரத்தாளும் மெருகெண்ணெயும் கொண்டு தேய்த்துத் தேய்த்து, ஒரு கலைஞனின் ஒரு மாத உழைப்பை ஒரு மாலைப் பொழுதிலே அழித்தவர்கள் எத்தனையோ பேர். குத்துவிளக்கைப் புளி போட்டு மினுக்குவதுபோல் பழந்துவக்கையும் மினுக்கலாம் என்று எண்ணுவது தவறு.

இவற்றுக்கு அப்பால் இருப்பது ஏடு. வின்செஸ்டர் கம்பனியார் ஒவ்வொரு துவக்குக்கும் தொடரிலக்கம் இட்டு, அது எவ்வகைக் குழலோடும் எவ்வித அலங்காரத்தோடும் எந்நாளில் களஞ்சியத்தை விட்டுப் போயிற்று என்பதையும் எழுதி வைத்தனர். அவ்வேடுகளுட் பல வயோமிங் மாநிலத்துக் கோடி நகரத்து அருங்காட்சியகத்திலே காக்கப்படுகின்றன. இலக்கத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால், ஏட்டிலுள்ளபடி சான்று எழுதித் தருவர். செதுக்கு வேலை என்ற குறிப்பு ஏட்டில் இல்லாத ஒரு துவக்கு, எத்துணை அழகாயினும், விலையிலே பல படி கீழிறங்கிவிடும்.

இதற்கு ஓர் உதாரணம் போதும். குறி தவறாத குழல் எனச் சோதனையிற் கண்டவற்றைப் பிரித்தெடுத்து, 'ஆயிரத்தில் ஒன்று' என்ற வாசகத்தைப் பொறித்து, ஒன்று 100 டொலராக விற்கப்போவதாக அக்கம்பனி 1875 ஆம் ஆண்டு விலைப்பட்டியலில் அறிவித்தது. 1873 அமைப்பிலே அவ்வாறு பொறிக்கப்பட்டவை ஏறத்தாழ 130 மாத்திரமே. 1950 ஆம் ஆண்டில் இத்துவக்கையே கதைப்பொருளாக்கி ஒரு திரைப்படம் வந்தபோது, படக் கம்பனியார் விளம்பரத்துக்காக எஞ்சியிருந்தவற்றைத் தேடினர். அந்த வாசகத்தைப் பொறிப்பது கைதேர்ந்த ஒருவனுக்கு அரிய செயலன்று. ஆகையினாலேதான் மதிப்பிடுவோன் குழலைப் பார்த்த கண்ணோடே ஏட்டையும் பார்க்கிறான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கண்டி அரசர் காலத்துத் துவக்குகளும் அலங்காரத்திலே குறைந்தவை அல்ல. அடிக்கட்டையின் முனை இரண்டாகப் பிரிந்து சுருண்டிருக்கும். பொறி, ஐரோப்பியத் துவக்குகளுக்கு மாறாக இடப்பக்கத்தில் அமைந்திருக்கும். தந்தமும் வெள்ளியும் பதித்த இலைக்கொடி வேலை உடல் முழுவதும் படர்ந்திருக்கும். சிங்களத்திலும் இதற்குத் துவக்கு என்னும் இதே சொல்லே வழங்குகின்றது. இவற்றைச் செய்த அரண்மனைப் பட்டறைகளைப் பற்றியும், கம்மியர் குடிகளைப் பற்றியும் விரிவாக எழுதியவர், சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான கலாயோகி ஆனந்தக் குமாரசுவாமி. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவருடைய பெருநூல் 1908 இல் வெளிவந்தது.

ஆயுதத்தின் ஏட்டைப் புரட்டினால் எத்தகைய செய்தி வெளிவரக்கூடும் என்பதற்குச் சிறந்த சான்று லெவ்கே பீரங்கி. லெவ்கே திசாவ என்னும் பிரதானி கண்டி அரசனுக்குக் கொடுத்த காணிக்கை அது. வெண்கலக் குழல், அதிலே வெள்ளியும் பொன்னும் செங்கற்களும், சூரியன், சந்திரன், சிங்கம் ஆகிய அரச சின்னங்கள், 1745 ஆம் ஆண்டைச் சுட்டும் சிங்கள எழுத்து. அக்காலத்தே கண்டியில் ஆண்டவன் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் மரபினனான ஸ்ரீ விஜய ராஜசிங்கன். போரிலே சுடுவதற்கென்று அன்றி, அரச மரியாதைக்கென்றே அமைந்த பீரங்கி அது.

1765 ஆம் ஆண்டில் ஒல்லாந்தத் தேசாதிபதி வான் எக் படையெடுத்துக் கண்டியைக் கைப்பற்றினான். அரசன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் நகரை விட்டு அகன்றான்; அரண்மனை கொள்ளையிடப்பட்டது. பீரங்கி கடல் கடந்து ஒல்லாந்து சென்றது. ஹேக் நகரத்திலே 1800 இல் திறக்கப்பட்ட கலைக்கூடத்தின் உடைமையாகி, பின்னர் ஆம்ஸ்டர்டாம் நகரத்து றைக்ஸ் அருங்காட்சியகத்தில் நின்றது. அதன் முன் நின்று வியந்தவர்கள் பலர். கல்லின் ஒளியையும் வேலையின் நுணுக்கத்தையும் கண்டவர்கள், அது எக்கதவைத் தாண்டி வெளியே வந்தது என்று கேட்கவில்லை.

கேட்டவர்களும் இருந்தார்கள். இலங்கை அருங்காட்சியகங்களின் தலைவராயிருந்த பி. எச். டி. எச். டி சில்வா, வெளிநாடுகளிலுள்ள இலங்கைத் தொல்பொருள்களின் பட்டியலை 1975 இல் வெளியிட்டார். நெடுங்காலத்துக்குப் பின் இரு நாட்டு அறிஞரும் ஒன்று சேர்ந்து உலோகத்தையும் எழுத்தையும் பழைய கடிதங்களையும் ஒப்புநோக்கினர். ஒரு தரகன் விலை பேசுமுன் செய்யும் அதே வேலைதான் அது. முடிவு மாத்திரம் வேறு. இது விருந்தாளிக்குக் கொடுத்த பரிசன்று, கொள்ளைப் பொருளே என்பது தெளிவாயிற்று. 2023 ஆம் ஆண்டிலே இந்தோனேசியாவுக்கும் இலங்கைக்குமாக 478 பொருள்களைத் திருப்பித் தர ஒல்லாந்து அரசு இணங்கியது. அவற்றுள் இலங்கைக்கு உரியவை 6: இப்பீரங்கி, பொன் வேலை வாளொன்று, வெள்ளி வேலை வாளொன்று, கத்தியொன்று, பெருந்துவக்குகள் இரண்டு. அவ்வாண்டின் இறுதியிலே அவை கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தை வந்தடைந்தன.

வன்னிக்கும் இத்தகைய வரலாறு ஒன்று உண்டு. 1803 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்திலே பண்டாரவன்னியன் முல்லைத்தீவிலிருந்த ஆங்கிலேயர் காவலைத் தாக்கி அவர்களுடைய பீரங்கியைக் கைப்பற்றினான். அவ்வாண்டு ஒக்தோபர் 31 இல், கப்டன் வொன் டிறிபேர்க் அவனைக் கற்சிலைமடுவிலே தோற்கடித்ததைக் குறிக்க ஆங்கிலேயர் ஒரு கல் நாட்டினர். தளபதியின் பெயரும் தோற்றவன் பெயரும் நாளும் அக்கல்லில் இருந்தன. கைமாறிய பீரங்கியைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

வன்னியிலே பழைய ஆயுதம் ஒன்றைக் கண்டெடுப்போர் சேகரிப்போரின் ஆசையோடு அதனை அணுகுதல் ஆகாது. 2009 இல் முடிந்த போர் இம்மண்ணிலே விட்டுச் சென்ற இரும்பு எதுவெனப் பார்த்தவுடன் அறிதல் அரிது. பழைய இரும்பு பொறுக்கும் சிறுவனுக்கு மண் மூடிய குழலும் வெடிக்காத குண்டும் ஒன்றாகவே தோன்றும். தொடாது விட்டு, அதிகாரிகளுக்கு அறிவிப்பதே முறை. பாட்டன் விட்டுச் சென்ற இடியன் வீட்டிலே கிடந்தாலும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை 1916 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. தொல்பொருளை உத்தரவின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோதல் 1940 ஆம் ஆண்டின் சட்டத்தாற் குற்றமாயிற்று. அச்சட்டம் இயற்றப்பட்டபோது பழமைக்கு வைத்த எல்லை, கண்டி அரசு ஆங்கிலேயர் கைக்கு மாறிய 1815 மார்ச் 2 ஆம் நாள்.

உத்தரவோடு வீட்டிலிருக்கும் பழந்துவக்கை அரத்தாளால் தேய்க்க வேண்டியதில்லை. உலர்ந்த மென்துணி போதும். அதைவிட அவசரமானது ஒரு கொப்பியும் பேனாவுமாம். அத்துவக்கைப் பாட்டன் எவரிடமிருந்து பெற்றான், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பன பாட்டிக்கு நினைவிருக்கும்போதே எழுதப்படல் வேண்டும்.