143ஆவது தெருவை அடைத்துக் கொடுத்தவர்கள்

(நம் குடியிருப்பின் குழந்தைகள் விளையாட்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம் இரண்டு நிமிடம் பேசச் சொன்னார். நான் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். சுண்டல் வருவதற்குள் முடித்துவிடுவேன், குழந்தைகள் பயப்பட வேண்டாம்.

முதலில் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் பிள்ளைகள் அடித்த டென்னிஸ் பந்து என் காரின் பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டது. அன்று இரவே உட்கார்ந்து, "வண்டிகள் செல்லும் வழியில் பந்து விளையாடக் கூடாது" என்று பலகை வைக்கும்படி சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவன் நான்தான். பலகை வந்தது. இன்றும் வாசல் பக்கத்தில் நிற்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் நீங்களும் போகிறீர்கள்.

அதன் பிறகு ஒரு டென்னிஸ் வீராங்கனையின் வாழ்க்கையைப் படித்தேன். அதிலிருந்து அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

அவர் பெயர் அல்தியா கிப்சன். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், சில்வர் என்ற சிற்றூரில், 1927இல் பிறந்தவர். அப்பா, அம்மா இருவரும் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுதவர்கள். கறுப்பினத்தவர்கள். விளைச்சல் பொய்த்துப் பிழைப்புக்கு வழியில்லாமல், 1930இல் குடும்பம் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதிக்குக் குடிபெயர்ந்தது. குடியிருந்தது 143ஆவது தெருவில்.

அல்தியா நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தவர் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுவார், சண்டைக்குப் போவார். தன்னைக் காத்துக்கொள்ளட்டும் என்று அப்பாவே அவருக்குக் குத்துச்சண்டை சொல்லிக் கொடுத்தார். அப்படிப்பட்ட ஒரு பெண் நம் வளாகத்தில் இருந்தால் நாம் என்ன பேசியிருப்போம் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனால் அந்தத் தெருவில் ஓர் ஏற்பாடு இருந்தது. பிள்ளைகள் விளையாடுவதற்காகக் காவல்துறை விளையாட்டுக் கழகம் பகல் வேளையில் தெருவின் ஒரு பகுதியைத் தடுப்பு வைத்து அடைத்துவிடும். வண்டி எதுவும் உள்ளே வராது. தார்ச் சாலையிலேயே கோடு போட்டு, கட்டை மட்டையால் ஆடும் பேடில் டென்னிஸ் நடக்கும். அல்தியா அதில் இறங்கினார். 1939இல், 12 வயதில், நியூயார்க் நகரப் பெண்கள் பேடில் டென்னிஸ் சாம்பியன் ஆனார்.

அந்தத் தெருவில் பிள்ளைகளை விளையாடவைக்கும் பொறுப்பில் இருந்தவர் பட்டி வாக்கர் என்ற இசைக்கலைஞர். இந்தப் பெண்ணின் கை வேகத்தைப் பார்த்துவிட்டு, பழைய டென்னிஸ் மட்டை வாங்கிக் கொடுத்தார். அடுத்து அக்கம்பக்கத்தார் ஒரு காரியம் செய்தார்கள். அவர்களும் வசதியானவர்கள் இல்லை. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, பணம் திரட்டி, ஹார்லெமிலேயே கறுப்பினத்தவர் நடத்திவந்த காஸ்மோபாலிட்டன் டென்னிஸ் கிளப்பில் 1940இல் அவரை இளையோர் உறுப்பினராகச் சேர்த்துவிட்டார்கள். அங்கே அவருக்குக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர் பிரெட் ஜான்சனுக்கு ஒரு கைதான் உண்டு.

அடைத்துக் கொடுத்த தெரு, பழைய மட்டை, அக்கம்பக்கத்து வசூல், ஒற்றைக் கை வாத்தியார். பின்னால் வந்த எல்லாக் கோப்பைகளுக்கும் அடித்தளம் இவைதான்.

அன்றைய அமெரிக்காவில் டென்னிஸ் இரண்டாகப் பிரிந்திருந்தது. வெள்ளையர் ஆடும் பெரிய போட்டிகள் ஒரு பக்கம். கறுப்பினத்தவருக்கென்று 1916இல் தொடங்கிய அமெரிக்கன் டென்னிஸ் அசோசியேஷன் இன்னொரு பக்கம். இந்தச் சங்கத்தின் தேசியப் போட்டியில் அல்தியா 1947 தொடங்கி 1956 வரை தொடர்ந்து பத்து வருடம் பெண்கள் சாம்பியன்.

இந்த இடத்தில் இரண்டு மருத்துவர்களைச் சொல்லியாக வேண்டும். லிஞ்ச்பர்க் ஊரின் வால்டர் ஜான்சன், வில்மிங்டன் ஊரின் ஹியூபர்ட் ஈட்டன். 1946இல் இவர்கள் அல்தியாவின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு முடிவெடுத்தார்கள். பள்ளி நாட்களில் ஈட்டன் வீட்டில் தங்கிப் படிப்பு, கோடை விடுமுறையில் ஜான்சன் வீட்டில் டென்னிஸ். படிப்பை விட்டிருந்த பெண், தன்னைவிடச் சிறியவர்களோடு வகுப்பில் உட்கார்ந்து 1949இல் உயர்நிலைப் பள்ளியை முடித்தார். பிறகு உதவித்தொகையில் புளோரிடாவில் கல்லூரி. அடுத்தவர் வீட்டுப் பெண்ணை வருடக்கணக்கில் வீட்டில் வைத்துச் சோறு போட்டுப் படிக்கவைப்பது சின்ன விஷயமா? வீட்டில் பெண் குழந்தை இருப்பவர்களுக்குத் தெரியும்.

திறமை இருந்தும் அமெரிக்க தேசியப் போட்டிக்குள் அவரால் நுழைய முடியவில்லை. "கறுப்பினத்தவர் வரக்கூடாது" என்று விதிப் புத்தகத்தில் இல்லை. அதுதான் தந்திரம். தகுதி பெற வேறு சில போட்டிகளில் ஆடியிருக்க வேண்டும். அந்தப் போட்டிகள் நடக்கும் கிளப்களோ வெள்ளையரை மட்டுமே உள்ளே விடும். எந்தப் பலகையும் வைக்காமலேயே கதவைச் சாத்திவைக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கதவைத் தட்டியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. முன்னாள் விம்பிள்டன் சாம்பியன் ஆலிஸ் மார்பிள். 1950 ஜூலையில் ஒரு டென்னிஸ் பத்திரிகையில் வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். இந்தப் பெண் தோற்பதாக இருந்தால் களத்தில் தோற்கட்டும், களத்துக்கே வரவிடாமல் தோற்கடிப்பது நமக்குத்தான் அவமானம் என்பதே அதன் சாரம். அந்த ஆண்டே அல்தியாவுக்கு அழைப்பு வந்தது. அமெரிக்க தேசியப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர்.

இரண்டாவது சுற்றில் எதிரே நின்றவர் விம்பிள்டன் சாம்பியன் லூயிஸ் பிரஃப். முதல் செட் 1-6 என்று போனது. இரண்டாவதை அல்தியா 6-3 என்று எடுத்தார். மூன்றாவதில் 7-6 என்று முன்னிலை. அப்போதெல்லாம் டைபிரேக்கர் கிடையாது, இரண்டு கேம் வித்தியாசம் வேண்டும். இன்னும் ஒரே ஒரு கேம். வானம் இருட்டிக்கொண்டு வந்தது, இடி இறங்கி அரங்கத்தின் மேலிருந்த கல் கழுகுச் சிலையே உடைந்து விழுந்தது. ஆட்டம் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. இரவெல்லாம் யோசனை, காலையில் பத்திரிகைக்காரர்கள் கூட்டம். மறுநாள் பிரஃப் 9-7 என்று ஜெயித்துவிட்டார்.

அடுத்த ஐந்து வருடம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1951இல் விம்பிள்டனில் ஆடிய முதல் கறுப்பின வீராங்கனை ஆனார், ஆனால் கோப்பை வரவில்லை. மிசௌரி மாநிலத்தில் ஒரு கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியையாக வேலை பார்த்தார். டென்னிஸை விட்டுவிட்டு ராணுவத்தில் சேர்ந்துவிடலாம் என்றுகூட நினைத்தார்.

அப்போதுதான் 1955இல் அமெரிக்க அரசு அவரை நல்லெண்ணப் பயணமாக ஆசியாவுக்கு அனுப்பியது. பர்மா, இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், தாய்லாந்து என்று ஊர் ஊராக ஆடினார். இழந்த தன்னம்பிக்கை இந்தப் பயணத்தில்தான் திரும்பி வந்தது. ஏஞ்சலா பக்ஸ்டன் என்ற ஆங்கிலேய வீராங்கனையுடன் நட்பு ஏற்பட்டதும் நம் நாட்டில்தான். பக்ஸ்டன் யூதப் பெண். யூதர் என்பதால் இங்கிலாந்தில் சில கிளப்கள் அவருக்கும் இடம் கொடுக்கவில்லை. வெளியே நிறுத்தப்பட்ட இரண்டு பேர் ஜோடி சேர்ந்தார்கள். 1956இல் பாரிஸிலும் விம்பிள்டனிலும் இரட்டையர் பட்டம் அவர்களுக்கே. அதே ஆண்டு பாரிஸில் ஒற்றையர் பட்டமும் அல்தியாவுக்குக் கிடைத்தது. கிராண்ட்ஸ்லாம் வென்ற முதல் கறுப்பினத்தவர் என்ற பெயர் அன்று வந்தது.

1957 ஜூலை 6, விம்பிள்டன் இறுதிப் போட்டி. டார்லீன் ஹார்டை 6-3, 6-2 என்று வென்றார். கோப்பையைக் கையில் கொடுத்தவர் எலிசபெத் ராணி. நியூயார்க் திரும்பியதும் திறந்த காரில் ஊர்வலம், மாடிகளிலிருந்து காகிதத் துண்டுகள் மழையாகப் பொழிந்தன. அதே ஆண்டு அமெரிக்க தேசியப் பட்டத்தையும் வென்றார். இறுதிப் போட்டியில் எதிரே நின்றவர் யார் தெரியுமா? அதே லூயிஸ் பிரஃப். 1958இல் இரண்டு பட்டங்களையும் தக்கவைத்துக்கொண்டார். ஒற்றையர், இரட்டையர், கலப்பு இரட்டையர் எல்லாம் சேர்த்து மொத்தம் 11 கிராண்ட்ஸ்லாம் பட்டங்கள்.

சினிமாவாக இருந்தால் இங்கே "சுபம்" போட்டிருப்பார்கள். ஆனால் வாழ்க்கை அதற்குப் பிறகும் 45 வருடம் நடந்தது.

அந்தக் காலத்தில் பெரிய போட்டிகள் எல்லாம் அமெச்சூர்களுக்கு மட்டும். பரிசுப் பணம் ஒரு காசு கிடையாது. விம்பிள்டனில் முதன்முதலில் பணம் கொடுத்ததே 1968இல்தான், பெண்கள் சாம்பியனுக்கு 750 பவுண்டு. அல்தியாவுக்கு அது பத்து வருடம் தாமதம். உலகின் முதல் வீராங்கனை, ஆனால் வீட்டு வாடகை கட்ட வழியில்லை. அதனால் 1958 முடிவில் அமெச்சூர் ஆட்டத்திலிருந்து விலகி, தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார்.

பெண்களுக்கென்று தொழில்முறைப் போட்டித் தொடர் எதுவும் அன்று இல்லை. ஹார்லெம் குளோப்டிராட்டர்ஸ் கூடைப்பந்து அணி ஊர் ஊராகப் போகும்போது, அவர்கள் ஆட்டத்துக்கு முன்னால் காட்சி ஆட்டம் ஆடினார். பாட்டுத் தட்டு வெளியிட்டார். ஜான் வெய்ன் நடித்த ஒரு படத்தில் நடித்தார். பிறகு கோல்ஃப் பழகி, 1964இல், 37 வயதில், பெண்கள் தொழில்முறை கோல்ஃப் சுற்றில் ஆடிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். விம்பிள்டன் கோப்பையை இரண்டு முறை வாங்கியவரைச் சில கோல்ஃப் கிளப்கள் உடைமாற்றும் அறைக்குள் விடவில்லை. காரில் உட்கார்ந்து காலணி மாற்றிக்கொண்டு களத்துக்குப் போனார்.

அதன் பின் நியூஜெர்சியில் விளையாட்டுத் துறைப் பொறுப்புகள் பார்த்தார். வயதாக ஆக உடம்பு கெட்டது, பக்கவாதம் வந்தது. கையிருப்பு கரைந்தது. 1990களின் நடுவில், வாடகைக்கும் மருந்துக்கும் பணமில்லாமல், இனி இருந்து என்ன பயன் என்ற மனநிலையில் ஒரு பழைய தோழிக்குத் தொலைபேசியில் பேசினார். அந்தத் தோழி ஏஞ்சலா பக்ஸ்டன்.

பக்ஸ்டன், அல்தியாவிடம் சொல்லாமலேயே, ஒரு டென்னிஸ் பத்திரிகையில் கடிதம் வெளிவர ஏற்பாடு செய்தார். உலகின் பல மூலைகளிலிருந்தும் பணம் வந்து சேர்ந்தது. கிட்டத்தட்ட பத்து லட்சம் டாலர் என்று சொல்கிறார்கள். 1940இல் அக்கம்பக்கத்தார் செய்த அதே வசூல். இந்த முறை அக்கம்பக்கம் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான்.

அல்தியா 2003 செப்டம்பரில் காலமானார். அவருக்குப் பிறகு இன்னொரு கறுப்பின அமெரிக்கப் பெண் கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டம் வெல்ல 1999 வரை ஆயிற்று. அவர் செரீனா வில்லியம்ஸ். 2019இல் அமெரிக்க ஓப்பன் மைதானத்தில் அல்தியாவுக்குச் சிலை வைத்தார்கள். 2025இல் அமெரிக்க அரசு வெளியிட்ட கால் டாலர் நாணயத்தில் அவர் உருவம் இருக்கிறது. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது வேறொன்று: 2022இல் அந்த 143ஆவது தெருவுக்கு "அல்தியா கிப்சன் வழி" என்று பெயர் சூட்டினார்கள். அன்று பிள்ளைகளுக்காக அடைத்துக் கொடுத்த அதே தெரு.

சுண்டல் வாசனை வருகிறது, முடித்துக்கொள்கிறேன்.

நம் வளாகத்தில் இன்னொரு அல்தியா இருக்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. இல்லாமலும் போகலாம். அந்தத் தெருவில் விளையாடிய மற்ற பிள்ளைகளின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. அவர்களுக்காகவும்தான் தெருவை அடைத்தார்கள். யார் சாம்பியன் ஆவார் என்று பார்த்துவிட்டு யாரும் தடுப்பு வைக்கவில்லை.

அதனால் வரும் பொதுக்குழுவில் இரண்டு கோரிக்கை வைக்கப் போகிறேன். ஒன்று, ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணியிலிருந்து 6 மணி வரை வாசலிலிருந்து பம்ப் அறை வரையுள்ள வழியில் வண்டி விடாமல் அடைக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் நம் வண்டிகளை வெளியே நிறுத்திக்கொள்வோம். இரண்டு, அந்த நேரத்தில் நம் காவலாளியின் பையனும், நம் வீடுகளில் வேலை செய்யும் அக்காக்களின் பிள்ளைகளும் கூடவே விளையாடலாம் என்று தீர்மானத்திலேயே எழுத வேண்டும். எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை இப்போதுதான் பார்த்தோம்.

உங்களில் சிலருக்கு இதில் சம்மதம் இருக்காது. வந்து பேசுங்கள், உட்கார்ந்து பேசுவோம். அந்தப் பலகையை எடுப்பதற்கான கடிதத்தை மட்டும் நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன். வைக்கச் சொன்னவனே எடுக்கச் சொல்வதுதானே முறை?

கண்ணாடி உடைந்தால்? புதிது மாட்டிக்கொள்ளலாம். நான் விசாரித்துவிட்டேன், ஒரே நாளில் மாட்டிக் கொடுக்கிறார்கள்.