'ஆனால்' என்னும் ஒரு சொல்

(சங்கத்தின் மகளிர் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பயணச்சீட்டும் பார்சல் கணக்கும் எழுதிப் பழகிய கை என்னுடையது. பத்தாம் வகுப்புக்கு மேல் படித்தவன் அல்லன். ஆண் பெண் சமத்துவம் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தபோது, கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை அழைக்கலாமே என்றுதான் முதலில் சொன்னேன். பின்னர் நானே ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதனை முடிவில் கூறுவேன்.

எங்கள் அலுவலகத்திற்கு அடிக்கடி சுற்றறிக்கைகள் வரும். முதல் வாக்கியம் ஒரு சலுகையை அறிவிக்கும். புதிதாகப் பணிக்கு வந்தவர் அதைப் படித்து முகம் மலர்வார். இருபது ஆண்டு எழுத்தராயிருந்தவனோ முதல் வாக்கியத்தைக் கடந்து, 'ஆனால்' என்னும் சொல் எங்கே கிடக்கிறது என்று தேடுவான். சலுகையின் எல்லைக்கல் அங்கேதான் நடப்பட்டிருக்கும். இந்தப் பழக்கத்தோடுதான் நான் நம் நாட்டு மகளிர் வரலாற்றையும் படித்தேன்.

நம் நகரிலிருந்து நாகர்கோவில் செல்லும் இருப்புப்பாதை 1979 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை, இரணியல் என்று அப்பாதையில் வரும் பெயர்களைச் சீட்டில் பார்த்துப் பார்த்து நமக்கு அவை வெறும் நிலையங்களாகிவிட்டன. 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு இணையும் வரை, இரணியலும் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூர் மன்னர் வழிவந்த ஆட்சி எல்லைக்குள் இருந்தவை. தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் அது. போராடியவர்கள் தமிழ் பேசிய பெண்கள்.

அக்காலத்து உடை, உடுப்பவரின் விருப்பத்தைப் பொறுத்ததன்று. தம்மினும் மேலானவர் எனப்பட்டோர் முன்னே மேலாடையை நீக்கி நிற்பதே மரியாதை எனக் கொள்ளப்பட்டது. இம்மரியாதை படிப்படியாக மேலேறிச் சென்றது. நாயர் பெண்டிரும் தமக்கு மேற்பட்டார் முன் அவ்வாறே நின்றனர். கீழ்ப்படியில் வைக்கப்பட்ட நாடார் பெண்களுக்கோ மார்பை மறைக்கும் உரிமையே கிடையாது. மேலாடை என்பது ஒருவர் எந்தப் படியில் நிற்கிறார் என்று தொலைவிலிருந்தே காட்டும் பலகைபோல் இருந்தது. பலகையை மாற்ற முனைந்தால் படியே ஆட்டங்காணும் என்று மேலே இருந்தோர் அஞ்சினர். அவர்கள் அஞ்சியதில் தவறில்லை, உண்மையாகவே ஆட்டங்கண்டது.

கிறித்தவ சமயம் சேர்ந்த பெண்கள் குப்பாயம் என்னும் சட்டை அணியலாம் என்று கர்னல் மன்றோ காலத்தில் ஆணை பிறந்தது. அப்பெண்கள் அதனோடு நிற்கவில்லை. உயர்குலப் பெண்டிரைப் போலத் தோளின்மேல் சீலையும் அணிந்தனர். 1822 முதல் கல்குளம், இரணியல் பகுதிகளில் கலகம் மூண்டது. வழியிலும் சந்தையிலும் பெண்களின் சீலைகள் கிழிக்கப்பட்டன. 1829 பிப்ரவரித் திங்களில் வந்த அரச ஆணை, சட்டை அணிந்துகொள்ளலாம், தோள்சீலை கூடாது என்றது. சமயம் மாறாதவர்களுக்கு அந்தச் சட்டையும் இல்லை. இவ்வேறுபாடுகளை எதிர்த்துத் தன்மானத்தைப் போதித்த அய்யா வைகுண்டரை அரசு கொண்டுவந்து சிறைவைத்த இடம் இந்நகரின் சிங்காரத்தோப்பு. நம்மில் பலர் அப்பக்கம் நாள்தோறும் போய்வருகிறோம்.

1858 இல் விக்டோரியா அரசியின் பேரறிக்கை வெளிவந்த பின்னர் பூசல் மீண்டும் எழுந்தது. வீடுகளும் கோயில்களும் எரிந்தன. சென்னை ஆளுநர் டிரெவெலியன் திருவிதாங்கூர் அரசை நெருக்கினார். இறுதியில் 1859 சூலை 26 ஆம் நாள், உத்திரம் திருநாள் மன்னரின் அறிக்கை வந்தது. எச்சமயத்து நாடார் பெண்களும் முரட்டுத் துணியால் மீனவப் பெண்டிரைப்போல் போர்த்திக்கொள்ளலாம், அல்லது வேறெவ்வகையிலும் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அது கூறிற்று. பெருமக்களே, இவ்விடத்தில்தான் எழுத்தனாகிய என் கண் நின்றது. அறிக்கையின் கடைசியில், 'ஆனால் உயர்குலப் பெண்டிரைப் போல அன்று' என்னும் பொருள்பட ஒரு தொடர் ஒட்டப்பட்டிருந்தது. மறைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. ஒத்திருக்க அனுமதி கிடைக்கவில்லை. ஏறக்குறைய நாற்பதாண்டுக் காலம் அப்பெண்கள் அடிபட்டது மானத்திற்காக என்று நாம் மேடையில் சொல்கிறோம். மானத்திற்கு முரட்டுத் துணி போதும். அவர்கள் கேட்டது சமத்துவம். அதனை அந்த ஒரு தொடர் நிறுத்தி வைத்துக்கொண்டது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மன்றோ, திவான், பாதிரிமார், ஆளுநர், மன்னர் என்று இவ்வழக்கில் வாதிட்டவரும் தீர்ப்பளித்தவரும் பெரும்பாலும் ஆடவரே. சீலையைப் பறிகொடுத்த பெண் ஒருத்தியின் பெயரையும் நான் படித்தவற்றில் கண்டிலேன். ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் உடையின் வரலாறு கூறும் பாடம் ஒன்றில் இச்செய்தி இடம்பெற்றிருந்தது. 2019 இல் அந்தப் பாடமே நீக்கப்பட்டது. 2023 மார்ச் 6 அன்று நாகர்கோவிலில் நடந்த இருநூறாம் ஆண்டு விழாவில் தமிழக, கேரள முதலமைச்சர்கள் இருவரும் ஒரே மேடையில் பேசினர் என்பது சிறிது ஆறுதல்.

இது பழங்கதை என்று நினைப்பவர் மூணாற்றை எண்ணிப் பார்க்கட்டும். 2015 செப்டம்பரில் கண்ணன் தேவன் மலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்கள், போனஸ் பாதியாகக் குறைக்கப்பட்டதை எதிர்த்துச் சாலையில் அமர்ந்தனர். 'பெண்பிள்ளை ஒருமை' என்று தம்மை அழைத்துக்கொண்டனர். தொழிற்சங்கத் தலைவர்களை அருகே அண்டவிடவில்லை. கூடை சுமப்பவர் நாங்கள், பணப்பை சுமப்பவர் நீங்கள் என்ற கருத்தை முழக்கமாக எழுப்பினர். ஒன்பது நாளில் 20 விழுக்காடு பெற்றே எழுந்தனர். நம்மவர் பெண்கள் இம்மாநிலத்தையே திரும்பிப் பார்க்க வைத்த நாட்கள் அவை. ஆயினும் பின்னர் நாட்கூலி பற்றிய பேச்சு நடந்தபோது, மேசையைச் சுற்றி அமர்ந்தவை பழைய தொழிற்சங்கங்களே. 500 ரூபாய் கேட்டிருந்தனர். 232 ரூபாய் 301 ஆயிற்று. போராடலாம், ஆனால் கையொப்பம் நாங்கள் இடுவோம் என்பது போலத்தான் அது எனக்குத் தோன்றியது.

சபரிமலை பற்றிச் சொல்லாமல் போனால் தப்பித்துக்கொண்டான் என்பீர்கள். 2018 செப்டம்பர் 28 இல் உச்ச நீதிமன்றம் எல்லா வயதுப் பெண்களும் செல்லலாம் எனத் தீர்ப்பளித்தது. ஐவரில் மாறுபட்டவர் ஒருவர். அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதியும் அவரே. தீர்ப்பை எதிர்த்து நாமம் சொல்லி ஊர்வலம் வந்தோரில் பெண்கள் திரள்திரளாக இருந்தனர். 2019 புத்தாண்டு நாளில் காசர்கோட்டிலிருந்து நம் வெள்ளையம்பலத்து அய்யன்காளி சிலை வரை மகளிர் சுவராகக் கைகோத்து நின்றோரும் பெண்களே. இந்த அவையில் இரு பக்கத்தாரும் இருக்கிறீர்கள். நான் நடுவனாகப் போவதில்லை. எந்தப் பக்கத்துப் பெண்ணானாலும் அவள் கருத்து அவளுடையது என்று நாம் நம்பினோமா என்பதே என் கேள்வி. யார் தூண்டினார், எந்தக் கட்சி வண்டி அனுப்பியது என்றுதானே தேநீர்க் கடையில் பேசினோம்? பெண்கள் எழுத்தறிவில் 2011 கணக்கின்படி ஏறத்தாழ 92 விழுக்காடு எட்டிய மாநிலம் இது. 2021 தேர்தலில் 140 சட்டமன்ற இடங்களில் வென்ற பெண்கள் பதினொருவர். படிக்கலாம் என்பதற்கும் ஆளலாம் என்பதற்கும் இடையே இங்கும் ஓர் 'ஆனால்' கிடக்கிறது.

இனி நான் பேச ஒப்புக்கொண்ட காரணம்.

நம் சங்கத்தில் உறுப்பினர் என்பது குடும்பம். குடும்பத்திற்கு வாக்கு ஒன்று. அளிப்பவர் குடும்பத் தலைவர். சங்கம் தொடங்கியபோது உறுப்பினரெல்லாம் வேலை தேடி வந்த தனி ஆடவர் ஆதலால் அவ்விதி அன்று யாரையும் உறுத்தவில்லை. சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில், ஞாயிறுதோறும் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பித்த வாடகை அறையை விட்டுவிடுவது என்று ஏழு வாக்கு மிகையில் முடிவாயிற்று. வகுப்பு நடத்தியவர் நால்வரும் பெண்கள். நால்வருக்கும் வாக்கில்லை. அவர்களுள் ஒருவர் கணவரை இழந்தவர். அவர் வீட்டு வாக்கைக் கல்லூரியில் படிக்கும் மகன் அளித்தான். வாடகை மிச்சம் என்று கைதூக்கியவர்களில் அடியேனும் ஒருவன். அவ்வகுப்பு இன்று அந்த அம்மையாரின் வீட்டுத் திண்ணையில் நடக்கிறது. என் மகளும் அங்கேதான் படிக்கிறாள்.

அதன்பின் மனம் உறுத்திய சிலர் விதியைத் திருத்தவேண்டும் என்றனர். விதிமொழி அறிந்தவன் என்று அந்த வேலையை என்னிடம் கொடுத்தனர். நானும் எழுதினேன்: 'மகளிர் பொதுக்குழுவில் கலந்துகொண்டு கருத்துரைக்கலாம், ஆனால் வாக்குரிமை குடும்பத் தலைவருக்கே உரியது.' நல்ல முன்னேற்றம் என்றே எண்ணி மேசைமேல் வைத்திருந்தேன். என் துணைவியார் அதை எடுத்துப் படித்தார். இரண்டாம் முறை உரக்கப் படித்தார். "சுற்றறிக்கையில் தேடுகிற சொல்லை நீங்களே எழுதியிருக்கிறீர்களே" என்று மட்டும் கூறிவிட்டு அடுக்களைக்குச் சென்றார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1859 இல் அந்த அறிக்கையைப் படியெழுதிய அரண்மனை எழுத்தன் ஒருவன் இருந்திருப்பான் அன்றோ? அவனும் வீடு சென்று உண்டு உறங்கியிருப்பான்.

அந்த வரைவைக் கிழித்துவிட்டேன். புதிய வரைவு ஒரே வரி: 'சங்கக் குடும்பங்களில் பதினெட்டு வயது நிரம்பிய ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு உண்டு.' கூட்டம் பெருகும், தேர்தல் சண்டை வரும், ஒரே வீட்டில் இரண்டு கட்சி உண்டாகும் என்று நண்பர்கள் எச்சரித்தனர். உண்டாகலாம். இப்போதும் இருக்கிறது, நமக்குத் தெரிவதில்லை.

தீர்மானம் அடுத்த பொதுக்குழுவுக்கு வரவேண்டுமானால், வழிமொழிய ஒருவர் கையொப்பமிட வேண்டும். இன்றுள்ள விதிப்படி அவர் வாக்குடையவராக இருத்தல் வேண்டும். ஆதலால் தாய்மார்கள் பொறுத்தருளுக, இந்த அவையிலுள்ள ஆடவரை நோக்கியே கேட்கிறேன். தாள் செயலாளரின் மேசைமேல் இருக்கிறது. பேனாவும் வைத்திருக்கிறேன்.