நான்கு மையும் நம் கண்ணும்



வண்ணத்தைக் காட்ட இயலாத கருவி வானொலி. அதன் வாயிலாக வண்ண அச்சைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் வியக்கலாம். ஆயினும், வண்ண அச்சில் கண்ணால் கண்டு மகிழ்வது ஒரு பங்கு என்றால், கருத்தால் பகுத்து அறிய வேண்டியது மூன்று பங்கு. அந்த மூன்று பங்கைச் செவி வழியாகவே தர இயலும். எஞ்சியதை உங்கள் கண்களே பின்னர்த் தேடிக்கொள்ளும்.

உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு நாட்காட்டி தொங்கும். அதில் ஒரு மயிலின் படம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கழுத்தில் மட்டும் எத்தனை நிறங்கள்! நீலமா, பச்சையா, இரண்டும் கலந்ததா என்று சொல்ல முடியாத சாயல்கள் எத்தனை! இப்படத்தை அச்சிட எத்தனை மைகள் வேண்டியிருக்கும்? இருபது என்பார் ஒருவர். ஐம்பது என்பார் மற்றொருவர். உண்மையில் பெரும்பாலான படங்களுக்கு வேண்டியவை நான்கே. சியான் எனப்படும் பச்சை சாயல் கொண்ட நீலம், மெஜந்தா எனப்படும் ஊதாச் சிவப்பு, மஞ்சள், கருப்பு ஆகியவையே அவை.

இதை நம்புவதற்கு என் சொல் வேண்டா. ஓர் உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்து அப்படத்தின்மேல் வைத்துப் பாருங்கள். மயில் மறைந்துவிடும், புள்ளிகளின் கூட்டம் ஒன்றே தோன்றும். நிறம் அழுத்தமாக உள்ள இடத்தில் பெரிய புள்ளிகள். வெளிறிய இடத்தில் சிறியவை. நல்ல வண்ண இதழ்களில் ஓர் அங்குல நீளத்தில் ஏறத்தாழ 150 வரிசைப் புள்ளிகள் அமைகின்றன. அவ்வளவு நுண்மையானவற்றைத் தனித்தனியே பிரித்துக் காண நம் கண்ணால் இயலாது. ஆகவே அது அவற்றைக் கூட்டிக் கலந்து ஒரே நிறமாகக் கொள்கிறது. அச்சகம் பாதிப் படத்தை அச்சிடுகிறது. மீதிப் படத்தை நம் கண் முடிக்கிறது.

மைகள் நிறத்தைத் தருவது எவ்வாறு? வெள்ளை ஒளி தாளின்மேல் விழுகிறது. மஞ்சள் மை அவ்வொளியிலிருந்து நீலப் பகுதியை விழுங்கிவிடுகிறது. சியான் மை சிவப்பை விழுங்குகிறது. மெஜந்தா மை பச்சையை விழுங்குகிறது. சியானும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் சிவப்பும் நீலமும் போய்ப் பச்சை மட்டுமே நம் கண்ணுக்குத் திரும்புகிறது. எனவே மை ஒளியைக் கொடுப்பதில்லை, கழிக்கிறது. மூன்று மைகளும் சேர்ந்தால் கருமை வரவேண்டும். நடைமுறையில் ஒரு மங்கிய பழுப்பே வருகிறது. எந்த மையும் முழுத் தூய்மையானதன்று என்பதே காரணம். அதனால்தான் நான்காவதாகக் கருப்பு மை வேண்டியிருக்கிறது.

இந்த உண்மையை முதன்முதலில் அச்சுத் தொழிலாக மாற்றியவர் யாக்கோபு கிறிஸ்தோபு லெ பிளான் என்பவர். 1667-இல் செருமனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தவர். நியூட்டனின் ஒளி ஆராய்ச்சியைக் கற்றறிந்த ஓவியர். நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று மைகளுக்கு மூன்று செப்புத் தகடுகளைச் செய்து, ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்டார். 1719-இல் இங்கிலாந்தில் அதற்கு அரச உரிமமும் பெற்றார். ஒளிகள் கலந்தால் வெண்மை பிறக்கும், மைகள் கலந்தால் கருமை பிறக்கும் என்னும் வேற்றுமையை அவர் தம் நூலிலே தெளிவாக எழுதி வைத்தார். ஆனால் இலண்டனில் அவர் தொடங்கிய தொழில் நட்டத்தில் முடிந்தது. 1741-இல் பாரிசில் அவர் மறைந்தார். வாணிகம் தோற்றது; கண்ட உண்மை தோற்கவில்லை. இன்றைய ஒவ்வொரு வண்ண அச்சகமும் அவர் வழியிலேதான் நடக்கிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். வரைகலை வடிவமைப்புப் பயிலும் மாணவி ஒருத்தி தன் சோதனை ஏட்டை அண்மையில் எனக்குக் காட்டினாள். கணிப்பொறியில் பயில்பவள் அவள். எனினும், லினோலியத் துண்டில் உருவம் செதுக்கி, உருளையால் மை தடவி, கையால் அழுத்தி அச்சிட்ட தாள்களால் அவ்வேடு நிறைந்திருந்தது. ஒவ்வொரு தாளின் கீழும் எந்த மை, எது முதலில், எவ்வளவு நேரம் உலர்ந்தது, விளைவு என்ன என்று பென்சிலால் குறித்திருந்தாள். அவற்றுள் சிலவற்றை உங்களுக்குச் சொல்வேன்.

முதல் சோதனை மைகளின் வரிசையைப் பற்றியது. ஓர் இலையை முதலில் மஞ்சளிலும் அதன்மேல் நீலத்திலும் அச்சிட்டாள். பிறகு வரிசையை மாற்றினாள். ஒளி ஊடுருவும் மெல்லிய மையில் இரு முறையும் பச்சை பிறந்தது. தடித்த மையிலோ மேலே வந்த நிறம் கீழே இருந்ததை மூடிவிட்டது.

இரண்டாம் சோதனை தாளைப் பற்றியது. அதே இலையை வெண்தாளிலும், பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளிலும் அச்சிட்டாள். பழுப்புத் தாளில் மஞ்சள் ஏறத்தாழ மறைந்தே போயிற்று. நான்கு மைகளுள் வெள்ளை மை இல்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். படத்தில் நாம் காணும் கொக்கின் வெண்மை தாளின் வெண்மையே. தாள் கெட்டால் எல்லா நிறமும் கெடும்.

மூன்றாம் சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. தவறை வேண்டுமென்றே செய்து பார்த்த சோதனை அது. இரண்டாம் நிறத்தை அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று விலக்கி விலக்கி அச்சிட்டிருந்தாள். அரை மில்லிமீட்டர் விலகியபோது மலரின் இதழில் குறை தோன்றவில்லை. மனித முகத்தின் உதட்டிலோ அது உடனே தெரிந்தது. நிறங்கள் தம்முள் பொருந்தி விழுவதை அச்சகத்தார் ‘ரிஜிஸ்டர்’ என்பர். சப்பானிய மரக்கட்டை அச்சாளர் இதற்கு எளிய வழி ஒன்றைக் கையாண்டனர். ஒவ்வொரு நிறக் கட்டையிலும் மூலையில் ஒன்றும் ஓரத்தில் ஒன்றுமாக இரண்டு பள்ளங்கள் செதுக்குவர். தாளின் மூலையையும் விளிம்பையும் அவற்றில் பொருத்திய பின்னரே அச்சிடுவர். 1765-இல் சுசுகி ஹருனோபு என்னும் ஓவியரின் பல வண்ணப் படங்கள் புகழ் பெற்றன. அவையும் முதலில் நாட்காட்டிப் படங்களாகவே தோன்றின.

நான்காவது, சோதனையாகத் தொடங்கியதன்று, ஏமாற்றமாகத் தொடங்கியது. ஒரு சுவரொட்டிக்குக் கணிப்பொறியில் கிளிப் பச்சையைத் தேர்ந்தாள். திரையில் அது ஒளிர்ந்தது. அச்சாகி வந்தபோதோ வாடிய இலைபோல் மங்கிக் கிடந்தது. முதலில் அச்சகத்தார்மீது சினம் கொண்டாள். பின்னர் உருப்பெருக்கியால் திரையையும் தாளையும் மாறி மாறி நோக்கினாள். திரையில் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் ஒளிப்புள்ளிகள், தாளில் மைப்புள்ளிகள். ஒன்று ஒளியைக் கூட்டுவது, மற்றொன்று கழிப்பது. லெ பிளான் எழுதி வைத்த வேற்றுமையை அவள் தன் கண்ணால் கண்டாள். திரையின் பச்சையை மை ஒருநாளும் எட்டாது.

பிறகு என்ன செய்தாள்? பச்சையைத் துரத்தவில்லை. அதன் அருகில் இருந்த வெளிர்நிறங்களை நீக்கி, ஒரு கருஞ்சிவப்புப் பட்டையை வைத்தாள். மை மாறவில்லை, ஆனால் பச்சை உயிர் பெற்றது. ஒரு நிறம் தன் அண்டை நிறத்தால் மாறித் தோன்றும் என்பதைப் பாரிசின் கோபலன் நெசவாலையில் சாயப் பகுதியை நடத்திய ஷெவ்ரூல் என்னும் வேதியியலார் ஆராய்ந்து 1839-இல் நூலாக வெளியிட்டார்.

இவையெல்லாம் வெறும் அழகுக்காகவா என்று கேட்பீர்கள். நான் ஆசிரியனாக இருந்த காலத்தில், வகுப்பில் பயன்பட்ட நிலப்படம் ஒன்றில் கடலின் நீலம் கரையைத் தாண்டி நிலத்தின்மேல் ஏறியிருந்தது. கடலோர ஊர் ஒன்றைச் சுட்டி, “ஐயா, இவ்வூர் நீருக்குள்ளா இருக்கிறது?” என்று ஒரு மாணவன் வினவினான். வகுப்பு சிரித்தது. அவன்மீது குற்றமில்லை, அவன் படத்தை நம்பினான். நிலப்படத்திலும், மருந்துப் புட்டியின் சீட்டிலும், நச்சுப் பொருளின் எச்சரிக்கையிலும் நிறம் ஒரு சொல். சொல் இடம் மாறினால் பொருள் கெடும்.

நம் நாட்டில் இக்கலைக்கு நீண்ட வரலாறு உண்டு. ஓவியர் இரவிவர்மா 1894-இல் மும்பையில் அச்சகம் நிறுவினார். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிக் கல்லில் வரைந்து அச்சிட்ட தெய்வப் படங்களை எளியோர் இல்லங்களுக்கும் அது அனுப்பியது. நம் சிவகாசியில் 1923-இல் தீப்பெட்டித் தொழில் வேரூன்றிற்று. தீப்பெட்டிக்குச் சீட்டு வேண்டும். சீட்டுக்கு அச்சு வேண்டும். அவ்வாறு வளர்ந்த அச்சுத் தொழிலே இன்று நாட்டின் பல பகுதிகளுக்கும் நாட்காட்டிகளை அனுப்புகிறது. ஆங்கே இயந்திரத்தின் அருகில் நின்று, வெளிவரும் தாளை எடுத்து உருப்பெருக்கியால் நோக்கும் தொழிலாளியின் கண், எந்தக் கணிப்பொறிக்கும் தாழ்ந்ததன்று. வடிவமைக்கும் மாணவர் ஒருநாளேனும் அவர் அருகே நின்று பார்க்க வேண்டும். பாராமல் அனுப்பும் படத்தால் வீணாவது தாளும் மையும் மட்டுமன்று, அவருடைய உழைப்புமாகும்.

மாணவ நண்பர்களே, இச்சோதனைகளுக்குப் பெருஞ்செலவு வேண்டா. மஞ்சளும் நீலமுமாக இரண்டு கண்ணாடிக் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். உருளைக்கிழங்கை இரண்டாக வெட்டி, அதில் ஒரு பூவைச் செதுக்கி, இரண்டு நிறத்தில் அச்சிட்டுப் பாருங்கள். முதல் தாளில் பூ ஓரிடமும் நிறம் ஓரிடமுமாக நிற்கும். அத்தாளை எறிந்துவிடாதீர்கள். எவ்வளவு விலகிற்று என்று அளந்து, அதன் கீழே குறித்து வையுங்கள். பத்தாவது தாளில் பூவும் நிறமும் ஓரிடத்தில் கூடும்போது, அது ஏன் கூடிற்று என்பதையும் நீங்கள் அறிந்திருப்பீர்கள்.